பழைய லேப்டாப்பை போட்டோ ஃப்ரேமாக்குவது: திரையை மட்டும் எடுக்கலாமா, முழுசாக வைக்கலாமா?

கார்முகில்:

வணக்கம் நண்பர்களே. 15.4 அங்குலத் திரை உள்ள பழைய லேப்டாப் ஒன்று அலமாரியில் கிடக்கிறது. கோர் 2 டியோ ப்ராசஸர், 2 ஜிபி ராம், திரை 1280×800, உள்ளே விண்டோஸ் 7. ஒரு பக்கக் கீல் உடைந்துவிட்டது. கீபோர்டில் பல பட்டன்கள் வேலை செய்வதில்லை. பேட்டரி நிற்பதே இல்லை. ஆனால் திரை மட்டும் இன்னும் பளிச்சென்று இருக்கிறது. தூக்கிப் போட மனசு வரவில்லை.

அம்மாவுக்குச் செல்போனில் போட்டோ பார்ப்பது இப்போது சிரமமாக இருக்கிறது. படம் சின்னது, விரல் பட்டால் வேறு எங்கேயோ போய்விடுகிறது. பழைய ஆல்பங்களை எல்லாம் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன். பார்க்க ஆள் இல்லாமல் அவை ஹார்டு டிஸ்கிலேயே கிடக்கின்றன. இந்த லேப்டாப்பைச் சுவரில் மாட்டும் ஃப்ரேமாக மாற்றி அவர் அறையில் வைக்க ஆசை. யாரும் தொடாமலே காலையில் தானாக ஓட ஆரம்பித்து இரவில் தானாக நிற்க வேண்டும். செய்து பார்த்தவர்கள் வழி சொல்லுங்கள்.

திருப்புளி:

என் கட்சி, திரையை மட்டும் எடுங்கள் என்பதுதான். பேனலின் பின்பக்க லேபிளில் மாடல் எண் இருக்கும். அந்த எண்ணைச் சொல்லி அதற்குப் பொருந்தும் கன்ட்ரோலர் போர்டு வாங்கிவிட்டால் எச்டிஎம்ஐ வழியாக எதையும் இணைக்கலாம். பின்னால் ராஸ்பெர்ரி பை என்ற கையளவு கணினி ஒன்று போதும். பெரிய ஃபேன் இல்லை, சத்தம் இல்லை, ஃப்ரேமும் ஒல்லியாக வரும். முழு லேப்டாப் ஓடினால் சுமார் 25 வாட் இழுக்கும். பேனலும் பையும் சேர்ந்து பெரும்பாலும் 10 வாட்டைச் சுற்றித்தான் நிற்கும்.

போர்டு வாங்கும்போது கவனம் தேவை. பேனல்களில் எல்விடிஎஸ், இடிபி என்று இரண்டு வகை இணைப்பு உண்டு. உங்களுடையது எல்விடிஎஸ்தான். கனெக்டரில் பின் எண்ணிக்கை ஒத்துப்போகிறது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பேனலுக்கு 3.3 வோல்ட்டா 5 வோல்ட்டா என்பதை அந்த போர்டில் ஒரு ஜம்பர் (இரண்டு பின்களை இணைக்கும் சிறு மூடி) மூலம் அமைக்க வேண்டியிருக்கும். லேப்டாப் பேனல் பெரும்பாலும் 3.3 வோல்ட்தான். அதிகமாகக் கொடுத்தால் பேனல் கதை முடிந்தது.

இரவுப்பறவை:

நான் எதிர்க்கட்சி. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ஜோடியை ஏன் பிரிக்க வேண்டும்? மதர்போர்டும் பேனலும் ஏற்கெனவே ஒன்றுக்கொன்று பொருத்தமாக இருக்கின்றன. புதிதாகப் போர்டும் பையும் வாங்கினால் பழைய பொருளுக்கு மறுவாழ்வு கொடுக்கிற நோக்கமே பாதி போய்விடும்.

கார்முகில், எந்த ஸ்க்ரூவையும் கழற்றுவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். லேப்டாப்பை இருக்கிறபடியே அம்மாவின் அறையில் ஒரு மேசையில் வைத்து ஸ்லைடு ஷோவை ஓட விடுங்கள். ஒரு வாரம் ஓடட்டும். ஃபேன் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறதா, கரண்ட் போய் வந்தால் என்ன ஆகிறது, எத்தனை விநாடிக்கு ஒரு படம் மாறினால் அவருக்குப் பிடிக்கிறது, எல்லாமே அங்கேயே தெரிந்துவிடும். பலபேர் மரச்சட்டத்தை முதலில் செய்து பளபளவென்று முடித்துவிடுகிறார்கள். அப்புறம் மென்பொருள் தகராறு பண்ணும்போது ஒவ்வொரு தடவையும் சுவரிலிருந்து இறக்க வேண்டியிருக்கும். ஃப்ரேம் ஃப்ரேமாக நிலைத்து நிற்பது அது தானாக ஓடுவதால்தான். ஒரு மாதம் ஒழுங்காக ஓடாவிட்டால் வீட்டில் யாரும் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

திருப்புளி:

மேசையில் வைத்துப் பார்க்கச் சொன்னதை ஏற்கிறேன். அதோடு, கார்முகில் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்து 15.4 அங்குலத் திரைகளில் பின்னொளிக்குப் பெரும்பாலும் எல்இடி கிடையாது. மெல்லிய குழல் விளக்கு இருக்கும், சிசிஎஃப்எல் என்பார்கள். திரைக்குக் கீழே நீளமாக, ஸ்கேல் மாதிரி ஒரு சின்ன போர்டு தெரிந்தால் அதுதான் அந்த விளக்குக்கு உயர் வோல்ட் கொடுக்கும் இன்வெர்ட்டர். அதிலிருந்து பேனலுக்குள் இரண்டு மெல்லிய வயர் போகும், பெரும்பாலும் ஒன்று இளஞ்சிவப்பு, ஒன்று வெள்ளை. விளக்கு எரியும்போது அந்த வயரில் பல நூறு வோல்ட் ஓடுகிறது. லேப்டாப் ஓடும்போது அந்த போர்டில் விரல் படவே கூடாது. உலோகச் சட்டத்தில் உரசும்படியும் விடக் கூடாது. குழலுக்குள் சிறிதளவு பாதரசம் இருப்பதால், உடைந்து போனால் சாதாரணக் குப்பையில் போடாமல் மின்னணுக் கழிவில் சேருங்கள்.

இன்வெர்ட்டர் இருப்பது தெரிந்தால் நானும் முழு லேப்டாப் கட்சிக்கு வந்துவிடுகிறேன். எல்இடி பேனலாக இருந்தால்தான் தனியாக எடுப்பது சுலபம்.

மரத்தூள்:

பெட்டி வேலை என் பங்கு. முழு லேப்டாப்பை வைப்பதென்றால் ஆழமான பெட்டிச் சட்டம் வேண்டும். திரையை முழுக்கப் பின்னால் மடக்கி அடிப்பாகத்தோடு முதுகுக்கு முதுகு ஒட்ட வைப்பதுதான் வழக்கம். அதற்குக் கீலைக் கழற்ற வேண்டும். அப்போது திரை கேபிளின் நீளம் போதுமா என்பதை முதலில் பாருங்கள். அந்த கேபிள் கீலுக்குள் சுருண்டு வரும், உபரி நீளம் அதிகம் இருக்காது. எட்டவில்லை என்றால் இழுக்காதீர்கள். அடிப்பாகத்தைச் சற்று மேலேயோ பக்கவாட்டிலோ நகர்த்தி வைத்தால் எட்டிவிடும்.

சூட்டைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். சரியான கவலைதான், ஆனால் தீர்வு எளிது. ஃபேன் காற்று வெளியே வரும் பக்கம் மேலே பார்க்கட்டும். சட்டத்தின் கீழ் விளிம்பில் வரிசையாகத் துளை, மேல் விளிம்பிலும் அதே அளவு. சூடான காற்று தானாக மேலே போகும், கீழேயிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். பின்பலகையை மூடி அடிக்காதீர்கள். சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே 2 சென்டிமீட்டர் இடைவெளி விடும்படி நான்கு மூலையிலும் கட்டை வையுங்கள். லேப்டாப்பின் கீழ் பிளாஸ்டிக் மூடியையும் எடுத்துவிட்டால் இன்னும் நல்லது. ஃபேனைத் திறந்து தூசியை ஊதி, ப்ராசஸர் மேல் காய்ந்து கிடக்கும் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வைத்துவிட்டுப் பூட்டுங்கள்.

ஹாட் க்ளூவை நம்பி பேனலை ஒட்டாதீர்கள். சூட்டில் இளகிவிடும். பேனலின் பக்கங்களில் ஸ்க்ரூ துளை இருக்கிறது, அதில் பட்டை வைத்து முடுக்குங்கள். முன்னால் கண்ணாடி வேண்டாம். ஜன்னல் வெளிச்சம் பட்டால் படத்துக்குப் பதில் ஜன்னல்தான் தெரியும்.

புதுவரவு:

நடுவில் ஒரு கேள்வி. அதில் இருக்கும் விண்டோஸ் 7-இலேயே ஸ்க்ரீன்சேவரில் போட்டோ ஓட வைக்கலாமே? இந்த மாதிரி வேலைக்கு லினக்ஸ் போடச் சொல்கிறார்களே, அது எதற்கு?

இரவுப்பறவை:

வைக்கலாம், ஓடும். ஆனால் விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்துவிட்டது. நெட்டில் இணைக்காமல் பென் டிரைவில் மட்டும் படம் போடுவதாக இருந்தால் அது பெரிய குறை இல்லை. தொலைவிலிருந்து வைஃபை வழியாகப் படம் அனுப்ப நினைத்தால் மாற்றியே ஆக வேண்டும். இன்னொரு காரணம், பாப்-அப். அம்மா படம் பார்த்துக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு எச்சரிக்கைப் பெட்டி வந்து நின்றால் அதை மூட அங்கே மவுஸும் இருக்காது.

கோர் 2 டியோ 64 பிட் என்பதால் டெபியன் என்ற லினக்ஸின் இன்றைய பதிப்பே ஓடும். இதைவிடப் பழைய 32 பிட் மெஷின் வைத்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: டெபியன் 13-இல் 32 பிட் பிசிக்கான இன்ஸ்டாலர் நின்றுவிட்டது. டெபியன் 12 அல்லது ஆன்ட்டிஎக்ஸ் என்ற இலகுவான லினக்ஸ் பக்கம் போங்கள்.

க்னோம் மாதிரி பெரிய டெஸ்க்டாப் வேண்டாம். ஓப்பன்பாக்ஸ் போதும், அதன் மேல் ஃபெஹ் என்ற சின்ன நிரல். முழுத்திரை, வரிசை கலைத்தல், மவுஸ் அம்பை மறைத்தல், எத்தனை விநாடிக்கு ஒரு படம், பக்கவாட்டில் எடுத்த படத்தைத் தானாக நிமிர்த்துதல் எல்லாமே அதில் உண்டு. பயனர் தானாக லாகின் ஆகும்படியும், ஆனதும் ஃபெஹ் தொடங்கும்படியும் வைத்துவிடுங்கள். திரை அணைப்பையும் ஸ்க்ரீன்சேவரையும் நிறுத்த மறக்காதீர்கள். இல்லாவிட்டால் பத்து நிமிடத்தில் திரை கறுப்பாகிவிடும்.

கார்முகில்:

எல்லோருக்கும் நன்றி. இன்று பெசலை, அதாவது திரையைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டத்தை, திறந்து பார்த்தேன். மூலையில் இருந்த ரப்பர் பொத்தான்களை ஊசியால் நெம்பினால் அடியில் ஸ்க்ரூ. திருப்புளி சொன்னபடியே கீழே நீள போர்டு, இளஞ்சிவப்பு வயர், வெள்ளை வயர். ஆகவே முழு லேப்டாப்தான், முடிவாகிவிட்டது.

திரையின் இரு பக்கமும் கறுப்பிலும் சாம்பல் நிறத்திலும் மெல்லிய வயர் இரண்டு மேலே வரை போகின்றன. அவை எதற்கு? அப்புறம் இன்னொன்று. திரையைப் பின்னால் மடக்கி வைத்ததும் லேப்டாப் தானாகத் தூங்கிவிடுகிறது. விலக்கினால் விழித்துக்கொள்கிறது.

திருப்புளி:

அந்த இரண்டும் வைஃபை ஆன்டெனா. முனையில் தகடு மாதிரி ஒட்டியிருக்கும். அதோடு சேர்த்தே எடுத்துச் சட்டத்தின் மேல் விளிம்பில் ஒட்டுங்கள். கழற்றி எறிந்துவிட்டால் பக்கத்து அறை சிக்னல்கூடக் கிடைக்காது. ஆன்டெனா மேல் உலோகத் தகடு எதுவும் மூடக் கூடாது.

தூங்குவதற்குக் காரணம் காந்தம். மூடியில் ஒரு சின்னக் காந்தம், அடிப்பாகத்தில் அதை உணரும் சென்சார். மடக்கும்போது காந்தம் சென்சாருக்கு அருகே வந்துவிடுகிறது, லேப்டாப்பும் மூடியை மூடிவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்கிறது. பெசலின் உட்புறத்தில் பாருங்கள், சிறு சதுரமாக இருக்கும். நெம்பி எடுத்துவிடுங்கள்.

இரவுப்பறவை:

மென்பொருளிலும் செய்யலாம். லினக்ஸில் சிஸ்டம்டியின் லாகின் அமைப்புக் கோப்பில் மூடி மூடப்பட்டால் ஒன்றும் செய்யாதே என்று ஒரு வரி வைத்தால் போதும். இரண்டையும் செய்துவிடுங்கள். சில மெஷினில் இயங்குதளத்தைக் கேட்காமல் மதர்போர்டின் அடிப்படை நிரலான பயாஸே பின்னொளியை அணைத்துவிடும், அங்கே காந்தத்தை எடுத்தால்தான் தீரும்.

மரத்தூள்:

பேட்டரியைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. கழற்றி வெளியே வையுங்கள். லித்தியம் அயான் பேட்டரி எந்நேரமும் முழு சார்ஜில், அதுவும் மூடிய பெட்டிச் சூட்டில் இருந்தால் உப்பக்கூடும். சுவரில் மாட்டிய பெட்டிக்குள் அது உப்புவது யார் கண்ணிலும் படாது. தூங்கும் அறையில் மாட்டப் போகிறீர்கள், இதில் சமரசமே வேண்டாம். அடாப்டரையும் பெட்டிக்குள் திணிக்காதீர்கள். அது தனியாகச் சூடாகும் பொருள், வெளியே கீழே இருக்கட்டும், வயர் மட்டும் மேலே வரட்டும்.

கார்முகில்:

பேட்டரியை எடுத்துவிட்டேன். அடாப்டரில் நேராக ஓடுகிறது. ஆனால் ப்ளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகினால் கறுப்புத் திரையில் தேதி தவறு என்று சொல்லி எஃப்1 அழுத்தச் சொல்கிறது. கீபோர்டு வேறு அரைகுறை. கரண்ட் போகும்போதெல்லாம் இப்படி என்றால் அம்மா என்ன செய்வார்?

திருப்புளி:

மதர்போர்டில் இருக்கும் நாணய பேட்டரி தீர்ந்துவிட்டது. கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். பெரிய பேட்டரி இருந்தவரை அது கொடுத்த மின்சாரத்தில் தேதி நின்றது, உங்களுக்குத் தெரியாமல் போயிற்று. பெரும்பாலும் சிஆர் 2032தான் இருக்கும். சில மாடலில் வயர் வைத்து, மேலே உறை சுற்றி வரும், அதே கனெக்டர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். மாற்றிவிட்டு பயாஸில் தேதியைச் சரி செய்தால் அந்தச் செய்தி போய்விடும்.

பயாஸுக்குள் போன கையோடு, மின்சாரம் வந்ததும் தானாக ஆன் ஆகும் வசதி இருக்கிறதா என்று தேடுங்கள். லேப்டாப்களில் அது அபூர்வம், இருந்தால் அதிர்ஷ்டம். இல்லை என்றால் பவர் பட்டனை வெளியே கொண்டுவர வேண்டும். பட்டன் போர்டில் இருக்கும் அந்தச் சிறு சுவிட்சின் இரு முனைகளிலிருந்து இரண்டு வயர் எடுத்து, அழுத்தினால் மட்டும் இணையும் பட்டன் ஒன்றைச் சட்டத்தின் பக்கவாட்டில் பொருத்துங்கள். போட்டு அணைக்கும் வகை சுவிட்ச் கூடாது. அதை வைத்தால் பட்டனை அழுத்திப் பிடித்த மாதிரி ஆகி, நாலைந்து விநாடியில் லேப்டாப் அணைந்துவிடும்.

இரவுப்பறவை:

காலை இரவு விஷயத்துக்கு ஆர்டிசி வேக் என்ற கட்டளை இருக்கிறது. இரவு 9 மணிக்கு லேப்டாப்பை உறங்க வைத்து, காலை 7-க்கு கடிகாரச் சிப் மூலம் எழுப்பிவிடும். உறக்கத்தில் ஒன்றிரண்டு வாட்தான் செலவு. 25 வாட் நாள் முழுக்க ஓடினால் தினம் 0.6 யூனிட், வருடத்துக்கு 219 யூனிட். காலை 7 முதல் இரவு 9 வரை 14 மணி நேரம் மட்டும் என்றால் ஓடும் செலவு சுமார் 128 யூனிட்டாகக் குறையும். திரையும் அத்தனை காலம் கூடுதலாக உழைக்கும், குழல் விளக்கு எரிய எரிய மங்கும் வகை.

ஒரு எச்சரிக்கை. பழைய லேப்டாப் சில, உறக்கத்திலிருந்து எழுந்ததும் பின்னொளியை ஏற்ற மறந்துவிடும். அதை மேசையில் வைத்தே சோதியுங்கள். சிக்கல் வந்தால் உறக்கத்துக்குப் பதில் முழுசாக அணைத்து, பயாஸில் நேரம் குறித்து எழுப்பும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

கரண்ட் திடீரென்று போனால் கோப்புகள் கெடாமலிருக்க, இயங்குதளப் பகுதியை வாசிக்க மட்டும் என்று பூட்டி, மாற்றங்களை ராமிலேயே வைக்கும் ஓவர்லே முறையை வையுங்கள். 2 ஜிபி ராம் இதற்குத் தாராளம்.

வெண்திரை:

எல்லோரும் மெஷினைப் பற்றியே பேசுகிறீர்கள். படத்தைப் பற்றி நான் சொல்கிறேன், அம்மா பார்க்கப் போவது அதைத்தானே.

முதலில் அளவு. 12 மெகாபிக்சல் படத்தை விரித்தால் 4000×3000 புள்ளி, புள்ளிக்கு 4 பைட் வீதம் 48 எம்பி ராம். அதை ஒவ்வொரு தடவையும் சுருக்கிக் காட்ட அந்தப் பழைய ப்ராசஸர் திணறும், ஃபேன் இரையும். எல்லாப் படத்தையும் நகல் எடுத்து, நகலை மட்டும் 800 புள்ளி உயரத்துக்கு இமேஜ்மேஜிக் என்ற நிரலில் மொத்தமாகச் சுருக்கிவிடுங்கள். மூலப் படங்களில் கை வைக்காதீர்கள்.

அடுத்து வடிவம். படுக்கை வாக்கில் எடுத்த 4:3 படம் 800 உயரத்துக்கு வந்தால் அகலம் 1067. இரு பக்கமும் நூறு புள்ளிக்குச் சற்று மேல் கறுப்பாக நிற்கும், அது உறுத்தாது. நிற்கிற வாக்கில் எடுத்த படம் வந்தால்தான் பாதித் திரைக்கு மேல் காலி. அப்படிப்பட்டவற்றை இரண்டிரண்டாகச் சேருங்கள். ஒன்று 600×800, இரண்டு சேர்ந்தால் 1200, நடுவில் 80 புள்ளி இடைவெளி. உங்கள் திரைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்காரும். எந்த இரண்டைச் சேர்ப்பது என்பதில்தான் ருசியே இருக்கிறது. ஒரே ஆள் சின்ன வயதிலும் இப்போதும், அல்லது அக்காவும் தம்பியும் ஒரே வயதில். இயந்திரத்திடம் விடாமல் நீங்களே உட்கார்ந்து சேருங்கள்.

ஸ்கேன் செய்த படங்களில் வருடமும் பெயரும் எழுதினால் அம்மாவுக்குப் பெரிய உதவி. ஸ்லைடு ஷோ நிரலே எழுத்தைக் காட்டும் வசதி உண்டு, ஆனால் தமிழை ஒழுங்காக அமைக்கத் தெரியாத நிரலில் கொம்பு ஓரிடம் எழுத்து ஓரிடம் என்று நிற்கும். எழுத்துகளை அமைக்கும் பாங்கோ என்ற மென்பொருள் வழியாகப் படத்தின் மேலேயே எழுதிச் சேமித்தால் தமிழ் சரியாக வரும். திரையில் 32 புள்ளிக்குக் குறைந்த எழுத்து சுவரில் படிக்க முடியாது.

எண்ணிக்கையை அடக்குங்கள். ஆயிரக்கணக்கில் கொட்டினால் ஒரே நிகழ்ச்சியின் ஒரே மாதிரிப் படங்களே வந்துகொண்டிருக்கும். ஒரு நிகழ்ச்சிக்கு மூன்று நான்கு போதும். மாறும் நேரம் ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். வயதானவர்கள் ஒரு படத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார்கள், 10 விநாடியில் பிடுங்கிவிடக் கூடாது.

மரத்தூள்:

வெண்திரை சொன்னதைப் படித்ததும் மாட்டும் உயரம் ஞாபகம் வந்தது. அந்தக் காலத்து லேப்டாப் திரை பெரும்பாலும் டிஎன் என்ற எல்சிடி வகை. நேராகப் பார்த்தால் அழகு. கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தால் முகம் கறுத்து, நெகட்டிவ் மாதிரி ஆகிவிடும். அம்மா கட்டிலில் படுத்தபடி பார்ப்பார் என்றால் அதுதான் நடக்கும்.

ஆணி அடிப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஒருவர் திரையைச் சுவரில் பிடிக்கட்டும், நீங்கள் அவர் பார்க்கும் இடத்தில் படுத்துப் பாருங்கள். கறுப்பாகத் தெரிந்தால் திரையைத் தலைகீழாகத் திருப்பிப் பிடிக்கச் சொல்லுங்கள். டிஎன் திரை மேலேயிருந்து பார்க்கும்போது அவ்வளவு மோசமாகாது, வெளுக்கும், அவ்வளவுதான். தலைகீழாக மாட்டி, மென்பொருளில் படத்தை 180 டிகிரி திருப்பிவிட்டால் அந்த நல்ல கோணம் கீழே வந்துவிடும். திரையை நெட்டுக்குத்தாக மட்டும் மாட்டாதீர்கள், அறையின் ஒரு பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு நிறம் கெட்டுவிடும்.

கார்முகில்:

திருப்பிப் பிடித்துப் பார்த்தோம், வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. தலைகீழாகத்தான் மாட்டப் போகிறேன். அப்படியானால் ஃபேன் காற்று போகும் பக்கம் கீழே வந்துவிடுமா?

மரத்தூள்:

வராது. திருப்புவது பேனலை மட்டும்தான், அடிப்பாகம் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பது உங்கள் கையில். ஆனால் பேனலைத் திருப்பினால் கேபிள் இறங்கும் இடம் மேலே போய்விடும். அடிப்பாகத்தில் கேபிள் சேரும் இடமும் மேல் விளிம்புக்கு வரும்படி அடுக்கிப் பாருங்கள். பல லேப்டாப்பில் காற்று போவது கீல் இருக்கும் பின்விளிம்பில்தான். உங்களுடையதும் அப்படி என்றால் இரண்டுமே மேலே வந்துவிடும், கேபிளும் எட்டும். பக்கவாட்டில் காற்று போகும் மாடல் என்றால் அந்தப் பக்கச் சட்டத்தில் நீளமாக ஒரு வாய் வெட்டிவிடுங்கள், துளை போதாது. கேபிளை அந்தக் காற்று வழியில் மட்டும் தொங்க விடாதீர்கள்.

கார்முகில்:

பின்விளிம்பில்தான் இருக்கிறது. இரண்டும் மேலே வருகிறது, கேபிள் மடங்காமல் எட்டுகிறது. நாணய பேட்டரி மாற்றியாகிவிட்டது, எஃப்1 கேட்கவில்லை. தானாக ஆன் ஆகும் வசதி பயாஸில் இல்லை, ஆகவே பக்கவாட்டில் பட்டன் வைக்கிறேன். இப்போதைக்கு மேசையில் ஓடிக்கொண்டிருக்கிறது, பிளைவுட்டை அதற்குப் பிறகுதான் வெட்டுவேன். சித்தியும் அம்மாவும் சேர்ந்து நிற்கும் படத்தை இன்னும் கொஞ்ச நேரம் காட்டச் சொன்னார் அம்மா. ஒரு படத்துக்கு மட்டும் நேரத்தைக் கூட்ட ஃபெஹ்ஹில் வழி உண்டா?

இரவுப்பறவை:

தனித்தனி நேரம் வைக்க வழி இல்லை. அந்தப் படத்தை வேறு வேறு பெயரில் இரண்டு மூன்று நகலாக ஃபோல்டரில் போட்டுவிடுங்கள். வரிசை கலைந்து வரும்போது அடிக்கடி வரும். தொடர்ந்து நிற்க வேண்டும் என்றால் வரிசை கலைப்பதை நிறுத்தி, பெயர் வரிசையில் ஓட வைத்து, நகல்களை அடுத்தடுத்து வரும்படி எண் போடுங்கள். அல்லது அம்மாவிடம் யூஎஸ்பி எண் கீபோர்டு ஒன்று கொடுங்கள். எச் என்ற எழுத்தை அழுத்தினால் ஃபெஹ் ஸ்லைடு ஷோவை நிறுத்தி வைக்கும், மறுபடி அழுத்தினால் ஓடும். அந்த வேலையை எண் பட்டனுக்கு மாற்ற பட்டன் அமைப்புக் கோப்பில் ஒரு வரி போதும். பெரிய 5-ஆம் பட்டனுக்கு அதைக் கொடுத்து, அதன் மேல் ஒரு நிற ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள்.